இடுப்பு வலியும் உடலின் அசைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயன்முறை மருத்துவம் படித்துவிட்டு, இடுப்பு வலி உள்ளவர்கள் குனியும்போதும் திரும்பும்போதும் எழும்போதும் உடம்பு எப்படி அசைகிறது என்று அளந்து ஆராயும் வேலையில் இருக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் கருவிகளைக் கழற்றி வைத்ததும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

இடுப்பு வலின்னு எந்த இடத்தைச் சொல்றீங்க? முதுகு வலியும் அதுவும் ஒண்ணுதானா?

கடைசி விலா எலும்புக்குக் கீழே தொடங்கி, பிட்டம் தொடையோடு சேரும் மடிப்பு வரை பின்பக்கத்தில் வரும் வலியை ஆய்வுகளில் இந்தப் பெயரால் குறிக்கிறோம். கீழ்முதுகு வலி என்று சொன்னாலும் இதுதான். சிலருக்குக் காலிலும் இறங்கும். 6 வாரத்துக்குள் இருந்தால் புதிய வலி, 12 வாரம் தாண்டினால் நாள்பட்ட வலி. இரண்டுக்கும் அணுகுமுறை வேறு என்பதால் உங்களுடையது எது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உலக நோய்ச்சுமைக் கணக்கீட்டின்படி 2020-ல் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது. 2050-க்குள் அது 84.3 கோடியாகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதர்களை இயல்பு வாழ்க்கையிலிருந்து முடக்கிப்போடும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

இத்தனை டாக்டரைப் பார்த்தும் காரணம் இதுதான்னு யாருமே சொல்லலையே, ஏன்?

இடுப்பு வலியோடு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு, கிருமித்தொற்று, புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட நோய் எதுவும் இருப்பதில்லை. இடுப்பில் 5 முள்ளெலும்புகள், அவற்றுக்கு இடையே டிஸ்க் எனும் வட்டுகள், பின்பக்கம் சிறு மூட்டுகள், தசைநார்கள், அடுக்கடுக்காகத் தசைகள் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. இவை ஒவ்வொன்றாலும் வலியைக் கிளப்ப முடியும். எது கிளப்புகிறது என்று உறுதியாகப் பிரித்துச் சொல்லும் சோதனை பெரும்பாலும் கிடையாது.

'குறிப்பிட்ட காரணம் இல்லாத வலி' என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, தன்னை நம்பவில்லை என்று மனம் நொந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அப்படிப் பொருள் இல்லை. ஆபத்தான நோய்கள் இல்லை என்று பார்த்தாகிவிட்டது, எந்தத் திசுவிலிருந்து வலி வருகிறது என்பதை மட்டும் சுட்டிக்காட்ட முடியவில்லை என்பதே பொருள். வலி உண்மையானது.

எப்போ காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றி வெளியேறினால், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனால், கால்களில் பலவீனம் கூடிக்கொண்டே போனால், அன்றைக்கே போக வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் இவை. சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

கீழே விழுந்தோ விபத்திலோ தொடங்கிய வலி, காய்ச்சலோடு வரும் வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைதல், ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுத்தவருக்கோ எலும்பு மெலிந்தவருக்கோ திடீரென்று வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இனி வரும் பதில்கள் எல்லாம் இப்படிப்பட்ட அறிகுறிகள் இல்லாதவர்களுக்கானவை.

ஸ்கேன்ல ஜவ்வு தேஞ்சிருக்குன்னு போட்டிருக்கே. தேஞ்சது எப்படிச் சரியாகும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிக பயத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். ஜவ்வு என்று நீங்கள் சொல்வது டிஸ்க்கைத்தான். 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு, இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டியது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. டிஸ்க் புடைத்திருந்தது முறையே 30, 84 விழுக்காட்டினருக்கு. அதற்கு முன்பே, 1994-ல், வலி இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைப்பு இருந்தது.

தலை நரைப்பதைப் போலத் தேய்மானமும் வயதோடு வருவது. வலி உள்ளவர்களிடம் சில மாற்றங்கள் கூடுதலாகத் தெரிவது உண்மைதான். ஆனாலும் படத்தில் இருப்பதை வைத்து இவருக்கு வலிக்கும், இவருக்கு வலிக்காது என்று சொல்ல முடியாது. 'கஷ்டமான வேலை பார்த்தே தேய்ச்சுட்டேன்' என்று வருந்துகிறவர்களுக்கு இன்னொன்று: பின்லாந்தில் இரட்டையர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்ததில், டிஸ்க் தேய்மானத்தில் சுமை தூக்கும் வேலையைவிடப் பரம்பரைக்கே பெரிய பங்கு இருப்பது தெரியவந்தது.

தேய்மானம் பழையபடி ஆகாது. வலி குறைவதற்கு அது பழையபடி ஆக வேண்டிய தேவையும் இல்லை. படம் மாறாமலேயே வலி குறைந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

எனக்கு டிஸ்க் நழுவிடுச்சு. அதைத் திரும்ப உள்ளே தள்ள முடியுமா?

டிஸ்க் நழுவுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுக ஒட்டியிருக்கிறது. வெளிவளையத்தில் விரிசல் கண்டு, உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிதுங்கியது நரம்பு வேரை எரிச்சலூட்டினால் காலில் மின்சாரம் பாய்வது போல வலி இறங்கும்.

அதைக் கையால் உள்ளே தள்ள முடியாது. ஆனால் உடலே அதைக் கரைக்கிறது. முழுதாகப் பிய்ந்து வெளியே வந்த துண்டுகள்தான் அதிகம் கரைகின்றன. 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் கணக்கில் அப்படிப்பட்டவற்றில் 96 விழுக்காடு அறுவை சிகிச்சை இல்லாமலேயே சுருங்கியிருந்தன. லேசான புடைப்பில் இது 13 விழுக்காடுதான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் ஸ்கேன் படத்துக்கே சுருங்கும் வாய்ப்பு அதிகம் என்பதை நோயாளிகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் லேசாகும்.

வலிக்கும்போது பெட் ரெஸ்ட் எடுக்கறதுதானே நல்லது?

ஒரு காலத்தில் மருத்துவர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். 1986-ல் 203 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுக்கச் சொன்னார்கள். 2 நாள் படுத்தவர்கள் 45 விழுக்காடு குறைவான வேலைநாள்களையே இழந்தார்கள். மற்றபடி இரு பிரிவினரும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். 1995-ல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து நடந்த ஆய்வில் படுக்கை ஓய்வு, முதுகுப் பயிற்சி, தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலைகள் என்ற மூன்றையும் ஒப்பிட்டார்கள். வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள்.

நிற்கவே முடியாத முதல் ஓரிரு நாளில் இடையிடையே படுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எழுந்து நான்கு அடி நடக்க முடிகிற நேரத்திலெல்லாம் நடந்துவிடுங்கள். புதிதாக வரும் வலியில் பெரும்பகுதி முதல் 6 வாரங்களுக்குள் நன்றாகவே குறைந்துவிடும்.

உடம்பு முழுக்க பட்டன் மாதிரி ஒட்டி என்னதான் அளக்கறீங்க?

ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை முதுகிலும் இடுப்பிலும் காலிலும் ஒட்டுகிறோம். சுற்றியுள்ள கேமராக்கள் அவற்றின் நகர்வைப் படம்பிடிக்கின்றன. நீங்கள் குனியும்போது முதுகெலும்பு எத்தனை டிகிரி வளைகிறது, இடுப்பு மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, எது முதலில் தொடங்குகிறது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதிலிருந்து கிடைக்கும். தோலில் ஒட்டும் மின்முனைகள், தசை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்பதைப் பதிவுசெய்யும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்றைச் சொல்கிறேன். வலி இல்லாத ஒருவர் முழுதாகக் குனிந்து தொங்கினால், கீழ்முதுகுத் தசைகள் ஓரிடத்தில் அமைதியாகிவிடும். திரையில் துடித்துக்கொண்டிருந்த கோடு தட்டையாகும். அந்த நிலையில் பாரத்தைத் தசைநார்கள் உள்ளிட்ட பிற திசுக்கள் ஏற்றுக்கொள்கின்றன. 1950களிலேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். நாள்பட்ட வலி உள்ள பலருக்கு அந்த அமைதி வருவதில்லை. முழுதாகக் குனிந்த பிறகும் தசை இறுகியபடியே இருக்கும்.

கீழே கிடக்கும் பேனாவை எடுக்கச் சொன்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதுகைப் பலகையாக்கி, முழங்காலை மடக்கி மெதுவாக இறங்குவார்கள். பேனா சில கிராம் எடைதான். உடம்பு பெரிய மூட்டையைத் தூக்குவது போலத் தயாராகும். வலி உள்ளவர்கள் சராசரியாக மெதுவாகவும் குறைவாகவும் அசைகிறார்கள், எதிரெதிர்த் தசைகளைச் சேர்த்தே இறுக்குகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி மாறுவதில்லை. விறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, தளர்ந்து ஒரே இடத்தில் வளைகிறவர்களும் உண்டு.

தப்பா அசையறதால வலி வந்துச்சா, இல்ல வலி வந்ததால அசைவு மாறுச்சா?

எங்கள் துறையே பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி இது. 1996-ல் ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் செய்த ஆய்வில், கையைத் தூக்குவதற்குச் சற்று முன்பே இறுக வேண்டிய ஆழ்வயிற்றுத் தசை, இடுப்பு வலி உள்ளவர்களிடம் தாமதமாக இறுகுவது தெரிந்தது. தசை தாமதிப்பதால்தான் வலி என்று பலர் முடிவுகட்டினார்கள். பிறகு 2003-ல், வலியே இல்லாதவர்களின் முதுகுத் தசையில் உப்புக் கரைசலை ஊசியால் செலுத்தித் தற்காலிக வலியை உண்டாக்கிப் பார்த்தார்கள். உடற்பகுதித் தசைகள் இறுகும் ஒழுங்கு மாறியது. ஆக, வலியால் அசைவு மாறும் என்பது ஐயமில்லாமல் தெரிகிறது.

என் கருத்து இது: முதல் நாள்களில் உடம்பு விறைப்பது பாதுகாப்பு. காயம்பட்ட விரலை மடக்காமல் வைத்திருப்பதைப் போல. காயம் ஆறிய பின்னும் அந்தக் காவல் விலகாமல் பழக்கமாகிவிட்டால், ஓயாமல் இறுகியிருக்கும் தசைகள் முதுகெலும்பின் மீது பாரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதனால் 'தப்பான அசைவு' என்ற சொல்லையே நான் தவிர்க்கிறேன். ஒருகாலத்தில் தேவைப்பட்டு, இப்போது தேவையில்லாமல் போன அசைவு அது.

குனியவே கூடாது, முதுகை வளைச்சு எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே?

சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். டிஸ்க்குக்குள் உணர்கருவி வைத்து 1999-ல் ஒருவரிடம் அளந்தபோது, 20 கிலோவை முதுகு வளைத்துத் தூக்கினால் உள்ளழுத்தம் 2.3 மெகாபாஸ்கல், முழங்காலை மடக்கிப் பொருளை உடம்போடு ஒட்டித் தூக்கினால் 1.7. வேறுபாடு உண்டு. ஆனால் அழுத்தம் கூடுவது வேறு, காயம் ஏற்படுவது வேறு. தூக்கும்போது முதுகு வளைவதற்கும் இடுப்பு வலி வருவதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று தேடிய 2020 தொகுப்பாய்வுக்கு அப்படிப்பட்ட தொடர்பு கிடைக்கவில்லை. கிடைத்த ஆய்வுகளின் தரம் குறைவு என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தார்கள்.

மிகக் கனமான பொருளை உடம்போடு ஒட்டி எடுப்பது புத்திசாலித்தனம். செருப்பு மாட்டவும் குழந்தையின் முகம் துடைக்கவும் முதுகை நிமிர்த்தியே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கீழ்முதுகு முன்புறம் 50 டிகிரி அளவுக்கு வளையும் உறுப்பு. பல மாதங்கள் குனியாமல் இருந்தவர் மட்டும் ஒரே நாளில் பழைய அளவுக்குப் போகாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. சரியான போஸ்ச்சர் எது?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே உட்காரும் முறை இல்லை. உட்கார்ந்தால் நிற்பதைவிட டிஸ்க்கில் அழுத்தம் அதிகம் என்பது 1960களில் சுவீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் செய்த அளவீடுகளிலிருந்து பரவியது. மேலே சொன்ன 1999 அளவீட்டில், தளர்வாக உட்கார்ந்தபோது அழுத்தம் நிற்கும்போது இருந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. எப்படி உட்காருகிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றினாலே பலருக்கு வேறுபாடு தெரியும்.

எந்த எக்சர்சைஸ் பெஸ்ட்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

ஒன்றே ஒன்று என்றால், நீங்கள் ஆறு மாதம் கழித்தும் விடாமல் செய்துகொண்டிருக்கப் போவது எதுவோ அது. நாள்பட்ட இடுப்பு வலிக்கான உடற்பயிற்சி பற்றி 2021-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 249 ஆய்வுகளைச் சேர்த்தது. பயிற்சி செய்தவர்களுக்கு, சிகிச்சை இல்லாதவர்களைவிட, வலியை 0 முதல் 100 வரை குறிக்கும் அளவுகோலில் 15 புள்ளி அளவுக்கு வலி குறைந்திருந்தது. அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்பகமான பலன்.

பயிற்சியை அன்றாட வேலைக்குள்ளேயே வைப்பது என் துறைக்கு நெருக்கமான வழி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிண்டா வான் டிலன் குழுவினர் நாள்பட்ட வலி உள்ள 154 பேரிடம் செய்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரு பிரிவினர் தசை வலிமைக்கும் நெகிழ்வுக்கும் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் தங்களுக்கு வலிக்கும் வேலைகளையே, அதாவது குனிவது, எழுவது, தூக்குவது போன்றவற்றை, வேறு விதமாகச் செய்யத் திரும்பத் திரும்பப் பழகினார்கள். இரண்டாவது பிரிவினருக்கு அன்றாடச் செயல்பாடு கூடுதலாக முன்னேறியது, ஓராண்டு வரை நிலைத்தது.

கோர் ஸ்ட்ராங் ஆனா எல்லாம் சரியாயிடும்னு ஜிம்ல சொல்றாங்க.

ஆழ்வயிற்றுத் தசை பற்றி முன்னே சொன்ன 1996 ஆய்விலிருந்துதான் அந்த அலையில் பெரும்பகுதி கிளம்பியது. கோர், அதாவது வயிற்றையும் முதுகையும் சுற்றிய தசைகளுக்கான பயிற்சி பலன் தருகிறது. நீண்ட கால ஒப்பீடுகளில் மற்றப் பயிற்சிகளைவிட மேலானதாக அது நிற்கவில்லை. பிடித்தால் செய்யுங்கள். வயிற்றை நாள் முழுக்க உள்ளிழுத்தே வைத்திருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே விறைத்திருப்பவர்களை அது இன்னும் விறைக்க வைக்கும்.

பயிற்சி செய்யறப்போ வலிச்சா நிறுத்திடணுமா?

கொஞ்சம் கூடுவது எதிர்பார்க்கக்கூடியதுதான். அடுத்த நாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் அதே அளவில் தொடரலாம். வராவிட்டால் அளவைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். வலி காலில் மேலும் மேலும் கீழே இறங்கினாலோ, மரத்துப்போதல் கூடினாலோ நிறுத்திவிட்டு உங்கள் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

பெல்ட், டிராக்ஷன், கரண்ட் வைக்கறது, இதெல்லாம் வேண்டாமா?

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இடுப்பு பெல்ட், இடுப்பை இழுத்துவிடும் டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல் வழியே மின்தூண்டல், ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மாத்திரை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது அது. வலி பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, உளவியல் முறைகள் போன்றவற்றைப் பரிந்துரைக்கிறது. என் சக இயன்முறை மருத்துவர்கள் பலருக்கு இது கசக்கும் என்று தெரியும். கருவியில் படுக்க வைக்கும் இருபது நிமிடத்தை நோயாளியோடு சேர்ந்து குனிந்து நிமிர்வதற்குச் செலவிடலாம் என்றே நான் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வலி மாத்திரையாவது உதவுமா?

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2014-ல் ஆஸ்திரேலியாவில் புதிய இடுப்பு வலி உள்ள 1,600-க்கும் மேற்பட்டோரிடம் பாரசிட்டமாலைச் சோதித்தார்கள். மாத்திரை எடுத்தவர்கள் தேற 17 நாள், மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். 2023-ல் ஓபியாய்டைச் சோதித்தபோதும் புதிய வலியில் போலி மாத்திரையை அது வெல்லவில்லை. வீக்கத்தைக் குறைக்கும் வகை மாத்திரைகள் ஓரளவு உதவும். வயிறு, சிறுநீரகம், இதயம் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டுக் குறுகிய காலம் எடுக்கலாம்.

பயம், மனசுன்னு பேசறீங்க. என் வலி வெறும் கற்பனைன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வி வரும்போது பலருக்குக் குரல் உடைந்துவிடும், காரணம் எனக்குப் புரிகிறது. வலி என்பது உடம்பு எழுப்பும் எச்சரிக்கை. எவ்வளவு பலமாக எழுப்புவது என்பதில் திசுவின் நிலையோடு தூக்கம், கவலை, முந்தைய அனுபவம், 'உன் முதுகு எண்பது வயசுக்காரர் முதுகு' என்று யாரோ சொன்ன சொல் எல்லாம் சேர்கின்றன. வலிக்குமோ என்ற பயத்தில் அசைவைத் தவிர்ப்பதும், தவிர்ப்பதால் உடம்பு தளர்ந்து பயம் கூடுவதுமான சுழலை ஜோஹன் விளாயனும் ஸ்டீவன் லின்டனும் 2000-ல் விளக்கமாக எழுதினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனா எடுத்தவரை நினைத்துப் பாருங்கள். அந்த இறுக்கத்தைக் கருவியால் அளக்க முடிகிறது. கற்பனையாக இருந்தால் திரையில் கோடு துடிக்காது.

2023-ல் ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் நடந்த ஆய்வில், வலியைப் புரியவைத்து, பயப்படும் அசைவுகளைத் தளர்வாகச் செய்யப் பழக்கி, வாழ்க்கைமுறையையும் சேர்த்துக் கவனித்தார்கள். அதிகபட்சம் ஏழு அமர்வுகள், ஆறு மாதத்தில் இன்னொன்று. செயல்பாட்டில் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் குறையவில்லை. நாள்பட்ட வலியில் இவ்வளவு நிலைக்கும் பலன் அரிது.

சரியாயிடுச்சு. திரும்ப வராம இருக்க என்ன பண்ணணும்?

நடங்கள். வலி தேறிய 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. வாரத்துக்கு ஐந்து முறை, 30 நிமிட நடை வரை படிப்படியாகக் கூட்டினார்கள், இயன்முறை மருத்துவர் இடையிடையே வழிகாட்டினார். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுமதிப்பாக 208 நாள் ஆனது, நடைத்திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள். திரும்பவே வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு ஒருமுறையாவது வருகிறது. அப்படி வந்தால் ஸ்கேனுக்கு ஓடாமல், பெட் ரெஸ்ட் பற்றிய பதிலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

நீங்க சொன்ன எல்லாமே பண்ணிட்டேன். எனக்கு மட்டும் கேக்கலையே?

ஆய்வில் வரும் 15 புள்ளி என்பது சராசரி. அதற்குள் 40 புள்ளி குறைந்தவரும் இருப்பார், ஒன்றும் குறையாதவரும் இருப்பார். யாருக்கு எது பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் திறன் எங்கள் துறைக்கு இன்னும் கைவரவில்லை, நானும் அதற்காகத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். பலிக்காததை உங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வலியை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். வலிக்குப் பயந்து விட்டுவிட்ட ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவது என்று வைத்துக்கொள்வோம். முதலில் உயரமான இருக்கையிலிருந்து, மூச்சை வெளியே விட்டபடி, ஐந்து முறை. மூன்று நாளுக்கு ஒருமுறை உயரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். எத்தனை முறை முடிந்தது, மறுநாள் காலை எப்படி இருந்தது என்று மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். மூன்று வாரம் கழித்து அந்தத் தாளோடு உங்கள் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். எந்த ஸ்கேன் படத்தையும்விட அதிலிருந்து அவருக்கு அதிகம் தெரியவரும்.